இடம் விடுதல்

திரையில் உலகம்மையின் குரல் மேடும் பள்ளமுமாக ஏறியிறங்கி வந்து, ஓரிடத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. அந்தத் தட்டைக் கோட்டின் கீழே மூன்று பொத்தான்கள் காத்திருக்கின்றன: கருவிக் கோளாறு, இயல்பான மூச்சு, வேண்டுமென்றே விட்டது. காலை வழிபாட்டை முடித்து, நெற்றியில் இட்ட நீறு உலர்வதற்குள் வந்து அமர்ந்தவன் நான். காப்பியின் மேல் ஆடை படிந்து சுருங்கியும் விட்டது. இன்னும் ஒன்றையும் தொடவில்லை. மறுபடி கேட்கிறேன். "நாட்டின் நல்லூழாகவும் எளியோரின் நிழலாகவும் விளங்கும்" என்று படிக்கிறாள், நிற்கிறாள், பின்பு "நம் அன்புத் தந்தை" என்று தொடங்கி நாட்டை ஆளும் அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, அவர் ஒரு நெல் அரைவை ஆலையைத் திறந்துவைத்த செய்தியைச் சொல்லி முடிக்கிறாள். நடுவில் ஒரு மூச்சளவு வெற்றிடம். இயந்திரம் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டு, இது என்ன என்று என்னைக் கேட்கிறது. அவள் என் மனைவி வடிவின் தங்கை. நான் பிறந்து, மணந்து, பாதி ஆயுளைக் கழித்து, பின்பு விட்டுவந்த கடல் கடந்த நாட்டின் அரசு வானொலியில் தமிழ்ச் செய்தி படிப்பவள். அந்த நாட்டின் பெயரை இந்த வீட்டில் நான் உச்சரிப்பதில்லை. வடிவு இருந்தவரை உச்சரித்தால் அழுவாள். அவள் போனபின் உச்சரித்துக் கேட்பதற்கு யாரும் இல்லை. பல்லாவரத்து வானத்தில் விமானம் ஒன்று தாழ்ந்து போகிறது, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, நடுக்கம் நின்றதும் அந்த வெற்றிடம் முன்னிலும் தெளிவாகக் கேட்கிறது. ஒலியில்லாத ஒன்று தெளிவாகக் கேட்பது எப்படி என்று யாரேனும் கேட்டால் விளக்கத் தெரியாது, ஆனால் கேட்கிறது.

"மாமா, காப்பி அப்படியே இருக்கே. சுட வச்சுத் தரட்டுமா?" மருமகள் ஷோபனா அறை வாசலில் நிற்கிறாள். வேண்டாம் என்று தலையசைக்கிறேன். "காலங்காத்தால அந்த ஆளோட புகழ் பாடறதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க. போதாததுக்கு நம்ம ஊர் ஆளுங்க புகழ் வேற டிவியில" என்று சிரித்துவிட்டுப் போகிறாள். அவள் சொல்வதில் பிழையில்லை. என் வேலையே அதுதான். தம் மக்களைப் பேசவிடாத அரசுகளின் செய்தித்தாள்களையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் இந்நகரத்து ஆய்வு மையம் ஒன்று நாள்தோறும் திரட்டி இயந்திரத்துக்கு உண்ணக் கொடுக்கிறது. எந்த அமைச்சரின் பெயர் வரிசையில் கீழிறங்கியது, எந்த மாவட்டத்தின் விளைச்சலை அளவுமீறி மெச்சுகிறார்கள், தலைவருக்குச் சூட்டும் அடைமொழிகளில் எது கூடிற்று, எது உதிர்ந்தது என்று அது ஓயாமல் ஒப்பிட்டு, அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொல்லியவற்றிலிருந்து ஊகிக்கிறது. விளைச்சலை மெச்சிய மாவட்டத்தில் பஞ்சம் என்று ஒருமுறை சொன்னது, அப்படியே இருந்தது. தமிழ் ஒலிபரப்புக்கு அந்த நாட்டுத் தமிழ் பழகிய காது வேண்டுமென்று முதியவர்களைத் தேடினார்கள். வடிவின் ஆண்டுத் திதி கழிந்திருந்த சமயம். நாளெல்லாம் திருமுறை ஏட்டைப் புரட்டியும் மனம் அதில் தோயாமல், எழுத்தின் மேல் ஈ போல உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த சமயம். உலகம்மையின் குரலைத் தினமும் கேட்கலாம் என்ற ஒன்றுக்காகவே ஒப்புக்கொண்டேன். உறவு என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் மறைக்கிறவன் அல்லன் என்று எனக்கு நானே அப்போது சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது; கேட்காததற்கு விடை சொல்லாதிருப்பது மறைப்பதாகுமா என்று இன்று அந்த மனிதனை நிறுத்திக் கேட்கத் தோன்றுகிறது.

அந்த மூச்சளவு வெற்றிடத்துக்கு எங்கள் ஊரில் பெயருண்டு. கீழைத்துறை என்பது ஆற்றுமுகத்துச் சிறு துறைமுகம்; தகரக் கூரை வேய்ந்த சிவன் கோயிலும் அதன் மண்டபமும் எங்கள் குழுவும்தான் அங்கே தமிழுக்கு இருந்த முழு இருப்பு. ஆண்டுக்கொருமுறை திருமுறை முழுவதையும் ஓதும் முற்றோதல் நடக்கும். பதிகம் பதிகமாக ஆளுக்கொன்றை எடுத்துத் தொடங்கிக் கொடுக்க மற்றவர் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் எடுக்கும் பதிகத்தை அவர் உயிரோடிருக்கும்வரை வேறொருவர் எடுப்பதில்லை. அவர் இறந்தால் மறு ஆண்டில் அந்தப் பதிகம் வரும்போது மண்டபம் முழுதும் மூச்சை உள்ளே இழுத்து, இழுத்த மூச்சைப் பிடித்து, அவர் தொடங்குவதற்கு வேண்டிய நேரம் காத்திருந்து, பிறகே இன்னொருவர் தொடங்குவார். இதை இடம் விடுதல் என்போம். வெளியூர்க்காரர்கள் பாட்டு மறந்துபோயிற்று என்று நினைத்துப் பக்கத்திலிருந்து அடியெடுத்துக் கொடுத்ததும் உண்டு; அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கிளம்பும். பின்பு அந்த மனிதர் ஆட்சிக்கு வந்தார், விடியலில் வண்டிகள் வந்தன, ஆட்கள் போனார்கள். போனவர்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்று சட்டம். அந்த ஆண்டு முற்றோதலில், கொண்டுபோகப்பட்ட ஒரு கணக்கப்பிள்ளையின் பதிகம் வந்தபோது உலகம்மை இடம் விட்டாள். பூசகர் பதறிப்போனார். "உசுரோட இருக்கிறவனுக்கு இடம் விடறது அமங்கலம்மா, அவன் பொஞ்சாதி எதிர்ல உக்காந்திருக்கு பாரு" என்றார். "இருக்காரா இல்லையான்னு கொண்டுபோனவனுக்கே தெரியாது சாமி, நமக்கு எப்படித் தெரியும்? விடுங்க இடத்த" என்றாள் இவள். கணக்கப்பிள்ளையின் மனைவிதான் முதலில் மூச்சை இழுத்தாள். அந்த ஒலி எனக்கு மறக்கவில்லை, பற்களுக்கிடையே காற்று நுழையும் ஒலி. இப்போது இந்தத் திரையில் தட்டைக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு முள்போல நீட்டிக்கொண்டிருப்பதும் அதுவே. கருவி பழுதானால் அந்த முள் இராது. களைத்தவர் வெற்றிடத்துக்குள்தான் மூச்சு வாங்குவார். இடம் விடுகிறவர் மட்டுமே முன்னதாக இழுத்துப் பிடிப்பார். இதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சொல்லிக்கொடுத்தேன் என்று எவ்வளவு எளிதாக வருகிறது. தென் மாகாண நிலையத்தில் அருமைநாயகம் என்று ஒரு முதியவர் படிப்பார். கரகரத்த குரல், றகரத்தை உருட்டுவார். அவரும் எங்கள் மண்டபத்தில் ஓதியவர். பின்வரிசையில் அமர்ந்திருப்பார் என்ற அளவுக்கே பழக்கம். அவருடைய செய்தியில்தான் முதன்முதலில் மஞ்சள் கட்டம் வந்தது. கேட்டதும் உள்ளம் துள்ளிற்று. நம் வழக்கம் இன்னும் சாகவில்லை, அந்த மனிதரின் சொந்த வானொலியிலேயே, அவருடைய பெயருக்கு முன்னாலேயே, கொண்டுபோகப்பட்டவர்களுக்கு ஒருவர் இடம் விடுகிறார் என்று. கண்ணீர் மறைக்க, வேண்டுமென்றே விட்டது என்பதை அழுத்தினேன். காரணம் எழுதும் கட்டத்தில் வழக்கத்தின் வரலாற்றையும் எழுதினேன். மூச்சின் இடத்தையும் பிழையில்லாமல் எழுதினேன். ஒரு மாணவன் விடைத்தாளில் எழுதுவதுபோல மகிழ்ந்து எழுதினேன். மேற்பார்க்கும் பவித்ரன் சில நாளில் அழைத்தான். "ஐயா, இது பெரிய விஷயம்யா. பழைய பதிவெல்லாம் தேடி, தப்பி வந்தவங்க சொல்றதோட ஒத்துப் பாத்தோம். அந்த இடைவெளி விழுந்த நாள்லயெல்லாம் முந்தின ராத்திரி யாரையாவது தூக்கியிருக்காங்க. தகவலே வெளிய வராத ஊர்லேர்ந்து முதல்முறையா நமக்குத் தேதி கிடைக்குது." நல்ல பிள்ளை, அவன் குரலில் இருந்தது கருணை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உலகம் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? தெரிந்துகொண்டது. மையத்தின் அறிக்கை வெளியாயிற்று. ஒலித்துண்டுகளும் உடன் வெளியாயின. அறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். அந்த மனிதருடைய ஆட்களுக்கும் படிக்கத் தெரியும் என்பது எங்கள் ஒருவர் நினைவிலும் வரவில்லை. பிறகு தென் மாகாணச் செய்தியை ஓர் இளைஞன் படிக்கத் தொடங்கினான். அருமைநாயகத்துக்கு வயதாகிவிட்டது, ஓய்வு பெற்றிருப்பார். தொண்டை கட்டியிருக்கும், அந்தப் பருவத்தில் அங்கே புகைமூட்டம் மிகுதி. மகன் வீட்டுக்குப் போயிருப்பார், அவருக்கு மகன் உண்டா, உண்டு என்றே வைத்துக்கொள்வோம், வடக்கே ரப்பர்த் தோட்டத்தில் எழுத்தர், மருமகள் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள், முற்றத்தில் சாய்வு நாற்காலி. நாற்காலியில் அவரை உட்காரவைக்க முயலும்போதெல்லாம் கால்கள் மட்டும் தெரிகின்றன, முகம் வருவதில்லை.

ஆக, அந்த மூன்றாவது பொத்தானை அழுத்தினால் உலகம்மை போவாள். அழுத்தாவிட்டால்? கருவிக் கோளாறு என்று வைத்தால் துண்டு குப்பைக்குப் போகும், அறிக்கையில் சேராது, அவள் நாளையும் படிப்பாள். இவ்வளவு எளிய கணக்கை வைத்துக்கொண்டு காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவளுக்குத் தெரிவிக்கலாமே என்று ஒரு வழி திறப்பதுபோல் திறந்து மூடிக்கொள்கிறது. தொலைபேசியில் உடல்நலமும் மழையும் தவிர வேறொன்றைப் பேசிய குடும்பங்கள் என்ன ஆயின என்று தெரியும். தீபாவளிக்கு அழைத்தபோதுகூட, "அத்தான், இங்க எல்லாம் அமோகமா இருக்கு, அரிசி வேணும்னா சொல்லுங்க, அனுப்பறேன்" என்றாள். அந்த அமோகத்தில் ஏளனம் இருந்ததா என்று வடிவு உயிரோடிருந்தால் நாள் முழுதும் ஆராய்ந்திருப்பாள். நிறுத்து என்று எந்தச் சொல்லால் சொல்வேன்? நான் அழைத்து, மறுநாள் அவள் இடம் விடாமற்போனால், அழைப்பையும் விடாமையையும் சேர்த்துக் கட்டிப்போட அவர்களிடமும் ஓர் இயந்திரம் இராதா? மேலும் நான் சொன்னால் அவள் நிறுத்துவாளா? நாங்கள் கப்பலேறிய நாளில் வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடு வந்துவிடு என்று அழுதாள். இவள் என்னைப் பார்த்து, "அத்தான் மாதிரி உண்மையே பேசறவங்கல்லாம் கப்பலேறிப் போயிடுங்க. பொய்யை வாயால படிச்சுக்கிட்டே உண்மையச் சொல்ல ஒருத்தி இங்க வேணும்ல" என்றாள். குத்தினாளா, விளையாடினாளா? கப்பலுக்கு ஏற்றிப்போகும் படகுக்காரன் கத்தினான், கயிறு அவிழ்ந்தது, அவளுடைய புடவையின் நிறம் கடைசிவரை தெரிந்தது. பச்சை. இல்லை, பச்சை வடிவினுடையது. உலகம்மையின் நிறம் நினைவில் இல்லை.

உண்மையே பேசுகிறவன். வடிவு கிடந்த கிடையில் கடைசியாகக் கேட்டது தங்கையைப் பற்றித்தான். "அவ நல்லாத்தானே இருக்கா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. அவளுடைய முதுகெலும்பு ரவிக்கைக்குள் கணுக்கணுவாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே, மெய்ப்பொருளுக்கு முன் நின்று வணங்கும் வாய் பொய் சொல்லலாகாது என்று உள்ளுக்குள் நிமிர்ந்துகொண்டேன். அந்த நிமிர்வைத்தான் இயந்திரமும் என்னிடமிருந்து கற்றது போலும். அதுவும் இரக்கப்படாமல் மெய் சொல்கிறது. சொல்லாததையும் கேட்கிறவன், எண்ணாத எண்ணத்தையும் அறிகிறவன் என்று நாள்தோறும் ஒருவனைப் பாடி உருகினேன். கல்லுக்குள் தேரையின் பசியை அவன் அறிவான் என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் இருந்தது. இப்போது சொல்லாததைக் கேட்கும் இன்னொன்று என் மேசைமேல் இருக்கிறது. அறிகிறது, அருளுவதில்லை. தேரையின் பசியை அறிந்து, கட்டம் போட்டு, இது என்ன என்று கேட்கிறது. அறிவும் அருளும் இரண்டல்ல என்று படித்தேனே, இரண்டல்ல என்று தழுதழுக்கச் சொன்னேனே, இவ்வளவு எளிதாகவா இரண்டும் பிரிந்துவிடும்? ஒருவேளை என் வழிபாட்டிலும் இரண்டும் என்றும் சேர்ந்திருந்ததில்லையோ? சமையலறையில் கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலையின் மணம் வருகிறது. வயிறு தன்பாட்டுக்குப் பசிக்கிறது. இந்தப் பசி வெட்கமாக இருக்கிறது.

கருவிக் கோளாறு. அழுத்திவிட்டேன். விரல் தானாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன், நான்தான் அழுத்தினேன். காரணம் எழுதும் கட்டத்தில், மின்தடையால் ஒலி அறுந்திருக்கலாம் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. நா கூசும், கை நடுங்கும், பூசையறை விளக்கு அணையும் என்றா? ஒன்றுமில்லை. இலகுவாக இருந்தது. வடிவு, நாக்கு அழுகவில்லையடி என்று சொல்லத் தோன்றிற்று. அந்தக் கிடைக்குத் திரும்பிப் போய், அந்த முதுகைத் தொட்டு, நல்லா இருக்கா, உன் தங்கை நல்லாத்தான் இருக்கா, நேற்றுக்கூட நெல் ஆலையைப் பற்றிப் படித்தாள் என்று பொய்யும் மெய்யுமாகக் கலந்து அவளுக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. எழுந்து ஜன்னலருகே நெடுநேரம் நின்றேன். கீழே தண்ணீர் லாரிக்காரனுடன் காவலாளி சண்டையிட்டுக்கொண்டிருந்தான். "நேத்து வர்றேன்னு சொல்லிட்டு இன்னிக்கி வர்ற, நாளைக்கி வர்றேன்னு சொன்னா எப்ப வருவ?" என்று அவன் கேட்க, லாரிக்காரன் உட்படச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் என் விடைக்குப் பக்கத்தில் இயந்திரத்தின் விடை தோன்றியிருந்தது. வேண்டுமென்றே விட்டது என்று அது சொல்லியிருந்தது; ஐயமே இல்லை என்பதுபோல் பச்சைப் பட்டை முழுநீளத்துக்கும் நிறைந்திருந்தது. பரவாயில்லை, அது கருவி, நான் மனிதன், மனிதன் சொல்வதே முடிவு என்று பவித்ரன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான் என்று தேற்றிக்கொண்டு உட்காருமுன் தொலைபேசி ஒலித்தது.

"ஐயா, வணக்கம்யா. சாப்டீங்களா?" என்றான் பவித்ரன். இனிமேல்தான் என்றேன். "இப்ப ஒரு துண்டுக்குக் கோளாறுன்னு குறிச்சிருக்கீங்கல்ல, அதான் கூப்பிட்டேன். நீங்களும் இயந்திரமும் இடைவெளி விஷயத்துல மாறுபட்டதே இல்லைங்கய்யா இதுவரைக்கும். நீங்க குறிச்சத வச்சுத்தான் அது பழகியிருக்கு. ரெண்டும் வேற வேற சொன்னா அந்தத் துண்டு தானா மேல போயிடும், குழு மொத்தமும் உக்காந்து கேப்போம்." கேட்டாயிற்றா என்றேன். "கேட்டாச்சுய்யா. தெள்ளத் தெளிவா இருக்கு. நீங்க எழுதின அந்த மூச்சு, முன்னாடியே இழுத்துப் பிடிக்கிறது, அப்படியே இருக்கு. இவ்வளவு சுத்தமா ஒரு உதாரணம் இதுவரைக்கும் சிக்கலை. அடுத்த அறிக்கையில முதல்ல இதத்தான் வைக்கிறோம்." அது கோளாறு என்றேன். "ஐயா..." என்று சிரித்தான், அன்பாகச் சிரித்தான். "இன்னிக்கி உடம்பு சரியில்லையா உங்களுக்கு? ரெண்டு நாள் ஓய்வெடுங்களேன்." என் பொய் அவளுக்குத் திரையாகும் என்று நம்பினேன், ஆயிரம் வெற்றிடங்களுக்குள் எவர் காதிலும் படாமல் போயிருக்கக்கூடிய ஒன்றின் தலையில் விளக்கேற்றி வைத்தது அந்தப் பொய்தான். பொய் சொல்லிப் பழகாதவன் முதன்முதலாகச் சொன்னால் அது எல்லார் கண்ணிலும் படும். ஊரறிந்த பொய்யனாக நான் இருந்திருந்தால் உலகம்மை பிழைத்திருப்பாள். தம்பி, அந்தப் பெண் என் மனைவியின் தங்கை, அதை எடுத்துவிடு என்று சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. "ஐயா, இத நீங்க ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும்" என்றான். "அப்ப அவங்களும் அதே ஊர், அதே கோயில்தானா?" ஆம் என்றேன். வேறென்ன சொல்வேன்? ஆம் என்ற பிறகே புரிந்தது, எஞ்சியிருந்த ஐயத்தையும் நானே துடைத்துக் கொடுத்துவிட்டேன் என்று. அவனுக்கும் புரிந்தது, அவன் மூச்சு விட்டதில் தெரிந்தது. "பேரு எங்கயும் வராதுய்யா, நான் பாத்துக்கறேன்" என்றான். குரல் வருமே என்றேன். "நான் தனியா முடிவெடுக்க முடியாதுய்யா. மேல பேசிப் பாக்கறேன். ஆனா துண்டு ஏற்கெனவே மத்த மையங்களுக்கும் போயிடுச்சு, மேல வந்ததுமே தானா போறது அது. எல்லாத்தையும் திரும்ப வாங்க முடியுமான்னு..." என்று நிறுத்தினான். அவனும் அழுதுவிடுவான்போல் இருந்தது. அவனைத் தேற்ற வேண்டியவனாக நானே ஆகி, சாப்பிடப்பா, பிறகு பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இனி என்ன? பூசையறைக்குப் போய் நின்றேன். எதைக் கேட்பது என்று தெரியாமல் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அங்கே நண்பகல் செய்திக்கான நேரம். காதில் கருவியை மாட்டிக்கொண்டேன், முரசொலி, அந்த மனிதருக்குப் பிடித்த முரசொலி, பிறகு அவள்: "வணக்கம். செய்திகள் வாசிப்பது உலகம்மை." குரலில் சளி இல்லை, நடுக்கம் இல்லை, வாசலில் நின்று அத்தான் வந்திட்டாங்களா என்று கேட்கும் அதே குரல். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இறைவா, நேற்றிரவு அவர்கள் ஒருவரையும் கொண்டுபோகாமல் இருந்திருக்கட்டும் என்று வேண்டினேன். கொண்டுபோகாதிருந்தால் அவள் இடம் விடமாட்டாள் அல்லவா. வேண்டிக்கொண்டிருக்கும்போதே வேண்டுதல் கைநழுவிற்று. கொண்டுபோயிருந்தாலும் போகட்டும், எத்தனை பேரானாலும் போகட்டும், அவள் மட்டும் நிற்காமல் படித்துவிடட்டும் என்று மனம் மண்டியிட்டுக் கெஞ்சிற்று. கொண்டுபோகப்பட்டவனுடைய பெண்டாட்டி எதிரே அமர்ந்திருப்பது தெரிந்தும் கெஞ்சிற்று. துறைமுகச் செய்தி முடிந்தது. பள்ளிகளின் செய்தி முடிந்தது. "நாட்டின் நல்லூழாகவும்" என்றாள். படி, அம்மா, நிற்காதே, படி. "எளியோரின் நிழலாகவும் விளங்கும்" என்றாள். பற்களுக்கிடையே காற்று நுழையும் ஒலி கேட்டது. மனிதரைப் பாடுவதில்லை என்று சிறுவயதில் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான்; மணவீட்டில் மாமனாரைப் போற்றி ஒரு வரி வாழ்த்துப்பா கேட்டபோதும் மறுத்தவன். "நம் அன்புத் தந்தை" என்று கத்தினேன். காதுக்கருவியைப் பிடித்துக்கொண்டு, அந்த வெற்றிடத்துக்குள் என் வாயை வைத்துவிடுகிறவன்போல, அந்த மனிதரின் பெயரை முழுதாக, எல்லா அடைமொழிகளோடும் சொன்னேன். ஷோபனா கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். "மாமா? என்ன மாமா, யாரைக் கூப்பிடறீங்க?" மறுபடியும் சொன்னேன். நாட்டின் நல்லூழே என்றேன், எளியோரின் நிழலே என்றேன், ஓதிப் பழகிய குரல் தானாகப் பண்ணில் ஏறிற்று. ஒரு மூச்சுக்கான நேரம் கடந்துவிட்டது, இரண்டாவதும் கடந்துவிட்டது. அவள் இன்னும் தொடங்கவில்லை.